நீர்த்தெள்ளுவின் வளைகாப்பு

மே 4

நான் அப்போதே சொன்னேன். நடக்கப்போகிற எதையும் நான் முன்கூட்டிச் சொல்லாமல் விட்டதில்லை. காதில் வாங்கிக்கொள்ளத்தான் ஆள் கிடையாது. என் அக்கா மகள் மீனாள் பெண்கள் பள்ளியில் உயிரியல் டீச்சராகச் சேர்ந்த அன்றைக்கே, "ஏத்தா, இந்த ஊர்ப் பிள்ளைக எல்லாம் கம்ப்யூட்டர் பக்கம் ஓடிருங்க. உன் வகுப்புல பெஞ்சுதான் உக்காந்திருக்கும்" என்று சொன்னேன். இன்று காலை அவளே வந்து, பதினோராம் வகுப்பு உயிரியல் பிரிவை மூடப்போகிறார்கள் என்கிறாள். இந்த வருஷம் பதினைந்து பிள்ளைகளாவது சேர வேண்டுமாம். போன வருஷம் சேர்ந்தது ஏழு. பிரிவு போனால் அவள் வேலையும் அதோடு போய்விடும்.

"நான் சொன்னேனா இல்லையா?" என்றேன்.

"சொன்னீங்க மாமா. இப்ப ஒரு உதவி பண்ணுங்க" என்றாள்.

உதவி இதுதான். நம் ஊருணித் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவாம். மைக்ராஸ்கோப்பில் வைத்து அவற்றைப் படம் எடுத்து, சேர்க்கைக் கூட்டத்தில் திரையில் காட்ட வேண்டும். மைக்ராஸ்கோப் அவளிடம் இருக்கிறது. கேமரா, எடிட்டிங், இருபத்தாறு வருஷக் கல்யாண வீடியோ அனுபவம் எல்லாம் என்னிடம் இருக்கிறது. சேவுகன் வீடியோஸ் என்றால் சிங்கம்புணரி தாண்டியும் தெரியும். அமெரிக்காவில் என் ஆல்பம் மூன்று வீடுகளில் இருக்கிறது. நான்காகவும் இருக்கலாம்.

"ஊர்க் கல்யாணத்தை எல்லாம் எடுக்கிறவனுக்கு ஒரு புழுவ எடுக்கத் தெரியாதா?" என்று ஒப்புக்கொண்டேன்.

மே 5

மீனாள் மைக்ராஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கைக்குழந்தையைக்கூட அப்படி யாரும் கொண்டுவரமாட்டார்கள். ஸ்டுடியோவில் மாப்பிள்ளைகளை உட்காரவைக்கும் ராஜா நாற்காலியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் மேசை போட்டோம்.

மைக்ராஸ்கோப்பின் மேல்முனையில் கேமராவைப் பொருத்த ஒரு சாமான் வேண்டும். ஜப்பான்காரன் அதைச் செய்வதற்கென்றே பெரிய தொழிற்சாலை வைத்திருக்கிறான். நான் குழாய்க் கடையில் ஒரு பி.வி.சி. இணைப்பு வாங்கி, உள்ளே சைக்கிள் டியூபைச் சுற்றி, ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். கொஞ்சம் ஆடுகிறது. ஜப்பான்காரனுடையதும் ஆடும், அவன் சொல்ல மாட்டான்.

மே 6

அதிகாலையில் ஊருணிக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் எடுத்தேன். கோடையில் வற்றி, பாசி கலந்து, பச்சையாகக் கிடந்தது. டீச்சர் கையில் இப்படி ஒரு தண்ணீரைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நம் வீட்டு வழக்கப்படி தேற்றாங்கொட்டையை எடுத்துக் குடத்தின் உள்பக்கம் நன்றாக உரசி, மூடிவைத்தேன். மத்தியானத்துக்குள் கசடெல்லாம் அடியில் தங்கி, மேலே தண்ணீர் பளிங்குபோலத் தெளிந்துவிட்டது. அதை மட்டும் அலுங்காமல் இறுத்து, அடிக்கசடை வாழைக்கு ஊற்றிவிட்டு, பாட்டிலை மீனாளிடம் கொடுத்தேன்.

அவள் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தாள். இன்னொரு சொட்டு. இன்னும் ஒன்று. எதுவும் இல்லை.

"மாமா, இது ஊருணித் தண்ணிதானா?"

"சுத்தமான ஊருணித் தண்ணி. தேத்தாங்கொட்டை போட்டுத் தெளிய வச்சது."

"பாயசத்துல இருந்த முந்திரிய எல்லாம் வாழைக்குப் போட்டுட்டு, வெறும் வெந்நியக் கொண்டாந்து குடுத்திருக்கீங்க" என்றாள்.

காளீஸ்வரி அடுப்படியில் சிரித்தது தெருவரை கேட்டிருக்கும். என் மனைவிக்கு அப்படி ஒரு சிரிப்பு.

மே 7

கலங்கிய தண்ணீர் கொண்டுவந்தேன். ஊருணி காவல்காரம்மா, "என்னய்யா, ஒரு குடம் தண்ணிக்கு இந்தக் கலக்குக் கலக்குற?" என்று கேட்டார். விஞ்ஞானம் என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு விஞ்ஞானம் பண்ணச் சொன்னார்.

மே 9

இன்று உயிர்களைப் பார்த்தேன். அடேயப்பா! செருப்பு வடிவத்தில் ஒன்று ஓடுகிறது. தலையில் இரண்டு சக்கரம் வைத்த ஒன்று, அந்தச் சக்கரங்களைச் சுழற்றிச் சுழற்றித் தண்ணீரை வாய்க்குள் இழுக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: ஊசிமுனை அளவுதான், வெறுங்கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும். உள்ளே பார்த்தால் கண்ணாடியால் செய்த உடம்பு. ஒரே ஒரு கரிய கண். துள்ளித் துள்ளிப் போகிறது. டாஃப்னியா என்று மீனாள் சொன்னாள். தமிழில் நீர்த்தெள்ளு.

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தது. கல்யாணத்தில் பெண்ணின் முகம் மங்கலாக இருந்தால் என்ன செய்வோம்? லைட்டு போடுவோம். தாலி கட்டும்போது போடும் பெரிய லைட்டை எடுத்து, மைக்ராஸ்கோப் பக்கத்தில் வைத்து, சுவிட்சைப் போட்டேன். படம் பிரமாதமாக வந்தது. ஒரு நிமிஷத்துக்கு வந்தது. பிறகு சொட்டு வற்றிப்போய், அதில் இருந்ததெல்லாம் வற்றலாகிவிட்டது.

மீனாள் தகட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். அது திட்டுவதைவிட மோசம்.

"கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளைக்கும் இப்படித்தாங்க இருக்கும். அவரு வாய்விட்டுச் சொல்ல மாட்டாரு, அவ்வளவுதான்" என்றாள் காளீஸ்வரி.

மே 10

பிரான்மலைப் பக்கம் ஒரு கல்யாணம் எடுக்கப் போனேன். கை தன்போக்கில் மணப்பெண்ணின் ஒரே ஒரு கண்ணுக்குள் ஜூம் போய் நின்றுவிட்டது. பெண்ணின் தாயார், "தம்பி, எங்க பொண்ணுக்கு ரெண்டு கண்ணு" என்றார். கலை என்றால் சிலருக்குப் புரியாது.

மே 13

பெரிய சிக்கல் ஒன்றை இன்று தீர்த்தேன். நீர்த்தெள்ளு ஓர் இடத்தில் நிற்பதே இல்லை. ஃபோகஸ் பண்ணுவதற்குள் துள்ளி ஓடிவிடுகிறது. கல்யாண வீட்டுப் பொடுசுகளைப்போல. அழுத்திப் பிடித்தால் நசுங்கிவிடும். தகட்டுக்குக் கீழிருந்து வரும் சின்ன விளக்கு ஒன்றே போதும் என்று மீனாள் எனக்குப் பழக்கியிருந்தாள். ஆனால் இதை நிறுத்திவைக்க அவளுக்கும் வழி தெரியவில்லை. பஞ்சு இழை போடலாம் என்று எங்கோ படித்ததாகச் சொன்னாள். ஆஸ்பத்திரிப் பஞ்சு தடிமனாக இருந்தது.

நான் தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தபோது காளீஸ்வரி விளக்குத்திரிப் பஞ்சை எடுத்துவந்து, இரண்டு விரலால் இழுத்து, சிலந்தி நூலைப்போல ஓர் இழை எடுத்தாள். சொட்டுக்குள் அந்த மாதிரி நாலைந்து இழை போட்டதும் நீர்த்தெள்ளு அதற்கு நடுவில் வந்து நின்றது. கையைக் காலை ஆட்ட முடிகிறது, ஓட முடியவில்லை. நான் யோசித்துக்கொண்டிருந்த விஷயமும் இதுதான்.

அப்புறம் திரையில் பார்த்தோம். முதுகுப் பக்கம் ஏதோ துடித்தது. வெள்ளையாக, படபடவென்று.

"என்னங்க, இதுக்கு இதயம் இருக்கு" என்றாள் காளீஸ்வரி. குரல் தாழ்ந்திருந்தது. மீனாளுக்கு அது பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம். அவளும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மே 16

இன்று சண்டை.

படத்தை எப்படிக் கோப்பது என்று நான் திட்டம் போட்டுவிட்டேன். வெறுமனே பூச்சியைக் காட்டினால் யார் பார்ப்பார்கள்? நம் ஜனங்கள் மூன்று மணி நேரம் அலுக்காமல் பார்ப்பது கல்யாண வீடியோ ஒன்றைத்தான். ஆகவே நீர்த்தெள்ளுதான் மணப்பெண். பெண் அழைப்பு, மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், விருந்து. மாப்பிள்ளைக்கு ஆள்கூடப் பார்த்துவிட்டேன்: அந்தத் தண்ணீரில் பேரிக்காய் வடிவத்தில், வாலோடு, விறைப்பாகத் திரியும் ஒற்றைக்கண் ஜந்து. நல்ல மீசை. ராமநாதபுரம் போலீஸ்காரர் மாதிரி இருக்கும்.

"மாமா, அது வேற சாதி உயிரு" என்றாள் மீனாள்.

"காதல் கல்யாணம்."

"மாமா! இதுக்குப் புருஷனே கிடையாது. இந்த மாதிரிக் காலத்துல பொட்டையே தனியாக் குட்டி போடும். குட்டியும் பொட்டைதான். ஆண் வர்றது எப்பவாவதுதான்."

நான் உட்கார்ந்துவிட்டேன். இருபத்தாறு வருஷத்தில் மாப்பிள்ளை தாமதமாக வந்த கல்யாணம் எடுத்திருக்கிறேன். ஒருமுறை மாப்பிள்ளை மாறிய கல்யாணம்கூட எடுத்திருக்கிறேன். மாப்பிள்ளையே தேவைப்படாத குடும்பத்தை எடுத்ததில்லை.

"நான் டீச்சரு. பொய்யக் காட்டிப் பிள்ளைகளச் சேக்க மாட்டேன். பிரிவு மூடுனா மூடட்டும்" என்று எழுந்து போய்விட்டாள்.

மே 17

மாப்பிள்ளையை வெட்டிவிட்டேன். நல்ல ஷாட்டுகள். மனசு ஆறவில்லை.

மே 20

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டது. தலைமையாசிரியை மீனாளுக்கு போன் செய்தாராம். உயிரியல் கேட்டு இதுவரை வந்தவர்கள் நாலு பேர். லேபை கம்ப்யூட்டர் அறையாக மாற்ற அளவெடுத்துவிட்டார்கள். மைக்ராஸ்கோப்பைக் கூட்டம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னாராம்.

இதைச் சொல்லும்போது மீனாள் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த தகட்டையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"கவலப்படாத ஆத்தா. இருபது பேரு சேருவாங்க. எனக்குத் தெரியும்" என்றேன். எனக்குத் தெரியாது. ஆனால் நான் சொன்னால் நடந்திருக்கிறது.

மே 22

காளீஸ்வரிதான் முதலில் கண்டது. சரியாகச் சொன்னால் நான் அப்போது மின்கட்டணம் கட்டப் போயிருந்தேன். ஒரு நீர்த்தெள்ளுவின் முதுகுப் பக்கத்துப் பையில் உருண்டை உருண்டையாக இருந்ததாம். திரும்பி வந்து பார்த்தேன். ஒவ்வோர் உருண்டையிலும் ஒரு குட்டிக் கரும்புள்ளி. கண்!

"மாசமா இருக்கா" என்றாள் காளீஸ்வரி.

அப்புறம் அவளே சொன்னாள்: "கல்யாணம் இல்லாட்டி என்னங்க? வளைகாப்பு நடத்தலாம்ல? அது பொய்யில்லையே."

மீனாளைப் பார்த்தேன். அவள் கையில் இருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, "அத்தை, அது பொய்யில்லை" என்றாள்.

மே 23

வளைகாப்பு. மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் காட்சி வட்டமாகத்தான் தெரியும். அந்த வட்டத்தைச் சுற்றிக் கண்ணாடி வளையல்களை வைத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. காளீஸ்வரி அதை வாய்விட்டுச் சொன்ன பிறகு தோன்றியது. சிவப்பும் பச்சையுமாக வளையல் வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தனியாகப் படமெடுத்து, காட்சியைச் சுற்றி ஒட்டினேன். வளையலுக்குள் கண்ணாடிப் பெண் நிற்கிறாள். வயிறு நிறையப் பிள்ளைகள்.

எங்கள் வீட்டில் வளைகாப்பு நடந்ததில்லை. முறைகளெல்லாம் காளீஸ்வரிக்கு எங்கே நினைவிருக்கப்போகிறது என்று நினைத்தேன். சந்தனம், குங்குமம், ஐந்து வகைச் சோறு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஐந்து வகைச் சோற்றையும் சமைத்தே விட்டாள். நீர்த்தெள்ளுவுக்குப் பாசி, சோறு எங்களுக்கு. புளியோதரை நன்றாக இருந்தது.

மே 24

பிரசவம்!

காலையிலிருந்து மூவரும் மாறி மாறி உட்கார்ந்தோம். சொட்டு வற்றாமல் காளீஸ்வரி அவ்வப்போது ஒரு துளி விட்டுக்கொண்டே இருந்தாள். உச்சி வெயிலில் எனக்குக் கண் சொருகியது. தூங்கவில்லை, கண்ணை மூடி ஒளியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். "ஏங்க! ஏங்க!" என்று சத்தம் கேட்டு விழித்தபோது அவள் ஏற்கெனவே ரெக்கார்ட் பட்டனை அழுத்தியிருந்தாள். பட்டன் எங்கே இருக்கிறது என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்தது யார்?

தாய் உடம்பை ஒருமுறை வளைத்தாள். பை திறந்தது. ஒரு குட்டி வெளியே நழுவியது. அடுத்தது. அடுத்தது. வந்த நொடியிலேயே நீந்தின. அம்மாவைப்போலவே ஒற்றைக் கண், அம்மாவைப்போலவே துள்ளல். ஒன்று பஞ்சிழையில் இடித்துக்கொண்டு, திரும்பி, வேறு பக்கம் போனது.

மீனாள் கைதட்டினாள். காளீஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புழுக்கமாக இருக்கிறது என்றாள். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு எல்லாரையும் பாட்டிலில் ஊற்றி ஊருணியில் கொண்டுபோய் விட்டோம். காவல்காரம்மா, "எடுத்ததத் திருப்பிக் குடுக்கிற மொத ஆளு நீதான்" என்றார்.

மே 29

படத்துக்குக் குரல் கொடுத்தேன். "குரல் நீங்களே குடுங்க மாமா. நான் பேசுனா பாடம் நடத்துற மாதிரி இருக்கும்" என்று மீனாளே சொல்லிவிட்டாள். கம்பீரமாகப் பேசினேன். நீர்த்தெள்ளு யானையைவிடப் பலசாலி என்றும், சோழர் காலத்தில் அதைப் படையில் வைத்திருந்தார்கள் என்றும் நான் சேர்த்திருந்ததை மட்டும் அவள் வெட்டிவிட்டாள். மிச்சம் பதினொரு நிமிஷம்.

ஜூன் 3

வெற்றி! வெற்றி! நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பள்ளிக் கலையரங்கம் நிறைந்திருந்தது. பிள்ளைகள், அம்மாக்கள், சில அப்பாக்கள். கம்ப்யூட்டர்காரர்கள் பலூன் கட்டியிருந்தார்கள். வணிகவியல்காரர்கள் மிட்டாய் கொடுத்தார்கள். கடைசியாக உயிரியல். எழுந்து போகலாமா என்று பாதிப் பேர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

விளக்கை அணைத்தார்கள். படம் ஓடியது, குரல் வரவில்லை. என் லேப்டாப்புக்கும் பள்ளி ஸ்பீக்கருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கேபிளை மாற்றினேன், திருகினேன், தட்டினேன். ஊமைப்படம். பின்னால் சிரிப்புச் சத்தம். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். மீனாளின் முகம் வெளுத்துவிட்டது.

அப்போது நான் எழுந்தேன். மேசையில் இருந்த மைக்கைக் கையில் எடுத்தேன். பேச ஆரம்பித்தேன் பாருங்கள், அரங்கம் அடங்கிவிட்டது!

"யாரும் போகாதீங்க. இது நீங்க தினம் கடந்து போற ஊருணிதான். அந்தத் தண்ணியில ஒரு சொட்டு, அவ்வளவுதான். அதுக்குள்ள ஒரு அம்மா இருக்கா. முதுகுப் பக்கம் துடிக்குதே, அது அவ இதயம். நம்ம இதயம் ஒரு தடவ துடிக்கிறதுக்குள்ள இது நாலஞ்சு தடவ துடிச்சிரும். பச்சையாத் தெரியுறது அவ சாப்பிட்ட பாசி. வெளிய இருந்தே எல்லாத்தையும் பாக்கலாம், அவகிட்ட ஒளிவு மறைவே இல்ல" என்றேன். மைக்ராஸ்கோப்பில் முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்கு வயசு பதினாலு என்றும், அன்று இரவு சாப்பிடவே தோன்றவில்லை என்றும் சொன்னேன். சபையைப் பிடிக்க அப்படியெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

வளையல் வட்டம் வந்ததும் அம்மாக்கள் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. "ஆத்தே, வளகாப்பு!" என்றார் ஒருவர். பிறகு பை திறந்தது. முதல் குட்டி நழுவி வந்ததும் அரங்கம் முழுக்க ஒரே மூச்சை இழுத்தது. கேட்டேன், நிஜமாகவே கேட்டேன்.

முன்வரிசையில் ஓர் அம்மா எழுந்து, "ஏம்மா, அதுக்கு வலிக்காதா?" என்று கேட்டார். பரபரப்பில் என்னைப் போய் 'ஏம்மா' என்று கூப்பிட்டுவிட்டார்.

"தெரியல. இதுவரைக்கும் யாருக்கும் சரியாத் தெரியாது. கண்டுபிடிக்க ஆளு வேணும். அதுக்குத்தான் உங்க பிள்ளையக் கேக்குறேன்" என்றேன்.

கைதட்டல் நிற்கவில்லை. படம் முடிந்ததும் பிள்ளைகள் மேசையைச் சூழ்ந்துகொண்டு, அங்கே ஊருணித் தண்ணீரோடு வைத்திருந்த மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்க ஒருவரை ஒருவர் தள்ளினார்கள். கம்ப்யூட்டர்காரர்களின் பலூன் ஒன்று வெடித்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூன் 8

பதினேழு பேர். பிரிவு பிழைத்தது. மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக் கொண்டுபோக மீனாள் வந்தாள். இந்தத் தடவையும் மடியில்தான். போகும்போது காளீஸ்வரியிடம், "அத்தை, லேபுக்கு வாரத்துல ஒரு நாள் வாங்க. அந்தப் பஞ்சு இழுக்கிறதப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுங்க" என்றாள். காளீஸ்வரி உடனே எந்தச் சேலை என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

இருபது பேர் என்று நான் சொல்லியிருந்தேன். பதினேழு என்பது ஏறக்குறைய இருபதுதான்.

ஜூன் 11

டீக்கடையில் என் சொற்பொழிவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்த திருவிழாக் கமிட்டிக்காரர், தேரோட்டத்தன்று மேடையில் மைக் பிடித்து நிகழ்ச்சி முழுவதையும் நானே நடத்தித்தர வேண்டும் என்று கேட்டுவிட்டார். நோட்டீசில் பேர் போடப்போகிறார்களாம். டீ சூடாக இருந்தது. நாக்கு சுட்டுவிட்டது.

ஜூன் 12

தொண்டை சரியில்லை. உப்புத் தண்ணீர் கொப்புளித்தேன். காளீஸ்வரி, "தொண்டைக்கு ஒண்ணும் இல்லீங்க" என்கிறாள்.

ஜூன் 14

கமிட்டிக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். "மேடையில பேச நம்ம மீனாளக் கூப்பிடுங்க. நான் கேமராவப் பாத்துக்குறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். "அன்னைக்குப் பேசுனது நீதானப்பா?" என்றார். அதனால் இதை எழுதிவிடுகிறேன்.

ஊருணி, தேற்றாங்கொட்டை, பஞ்சு, வளையல், பிரசவம் எல்லாம் சத்தியம். மைக்கை மேசையிலிருந்து எடுத்தது நான்தான், அதுவும் சத்தியம். எடுத்துத் திரும்பினேன். அத்தனை முகங்களும் என்னைப் பார்த்தன. இருபத்தாறு வருஷமாக ஜனங்கள் என் லென்ஸைப் பார்த்திருக்கிறார்கள், என்னைப் பார்த்ததில்லை. வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. மீனாள் பக்கத்தில் வந்து, என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, மைக்கை வாங்கிக்கொண்டாள். "யாரும் போகாதீங்க" என்று அவள்தான் சொன்னாள். மற்ற எல்லாமும் அவள் சொன்னதுதான். பதினாலு வயசு அவளுடையது; சாப்பிடத் தோன்றாத இரவும் அவளுடையது. 'ஏம்மா' என்று அந்த அம்மா கூப்பிட்டதும் சரியான ஆளைத்தான்.

மைக் வயர் காலில் சிக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பதினொரு நிமிஷமும் அவளுக்குப் பின்னால் நின்றேன். ஒரு வார்த்தைகூட நான் பேசவில்லை. நான் பேசியதாக எழுதினேனே, அது மட்டும்தான் நானாகச் சேர்த்தது.